28 நிமிடமும் ஒரு குறுஞ்செய்தியும்: பெரியலின் ‘ரைவல் டீலர்’ எப்படிக் கேட்கப்பட்டது

2013 டிசம்பரில், லண்டனின் ஹைப்பர்டப் லேபிளிலிருந்து மூன்றே ட்ராக் கொண்ட ஒரு ஈபி, அதாவது ஆல்பத்தைவிடச் சிறிய குறு வெளியீடு, வெளிவந்தது. பெயர் ‘ரைவல் டீலர்’. மொத்தம் 28 நிமிடம் சொச்சம். உருவாக்கியவர் பெரியல் என்ற பெயரில் இயங்கும் எலக்ட்ரானிக் இசைக்கலைஞர். வெளிவந்த சில நாட்களில், பிபிசி 6 மியூசிக் வானொலியில் தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் தன் நிகழ்ச்சியில் பெரியல் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியை வாசித்தார். இந்தப் பாடல்கள் கொடுமைப்படுத்துதலுக்கு எதிரானவையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், யாராவது ஒருவர் தன்னை நம்பவும் பயப்படாமல் இருக்கவும் இவை உதவினால் போதும், அன்பில்லாத மனிதர்களிடமிருந்தும் இருண்ட நாட்களிலிருந்தும் காக்கும் ஒரு தேவதையின் மந்திரம் போல இவை இருக்கட்டும் என்பது அதன் சாரம்.

நேர்காணல் அபூர்வமாகவே கொடுப்பவர் என்று பெயர் எடுத்த ஒருவரிடமிருந்து இப்படி ஒரு செய்தி. அதற்கு முன்னால் ‘ரைவல் டீலர்’ ஒரு விதமாகக் கேட்கப்பட்டது, பிறகு வேறு விதமாகக் கேட்கப்பட்டது. ஒரே இசைத்தட்டுக்கு இரண்டு வரவேற்பு கிடைத்த இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எலக்ட்ரானிக் இசை விமர்சனத்துக்கு எதைச் சொல்லத் தெரியும், எதைச் சொல்ல வராது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஈபி வேறு எனக்குத் தெரியவில்லை.

முன்கதை

பெரியலின் இயற்பெயர் வில்லியம் பெவன். தென்லண்டன்காரர். கோட்9 என்ற பெயரில் இயங்கும் ஸ்டீவ் குட்மேனின் ஹைப்பர்டப் வழியாக 2006இல் முதல் ஆல்பம், 2007 நவம்பரில் ‘அன்ட்ரூ’. இரண்டாவது ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு பிரிட்டனில் தரும் மெர்க்குரி பரிசின் 2008 இறுதிப் பட்டியலுக்குப் போனது. அப்போது பெரியல் யார் என்று உலகத்துக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஆளைத் தேடிக் கிளம்பின, வேறு பெரிய இசைக்கலைஞர் யாராவது புனைபெயரில் ஒளிந்திருக்கிறாரோ என்றுகூட ஊகங்கள் ஓடின. கடைசியில் 2008 ஆகஸ்டில் அவரே மைஸ்பேஸ் பக்கத்தில் தன் பெயரைப் போட்டு, தான் சத்தமில்லாமல் பாட்டு பண்ணிக்கொண்டிருக்க விரும்பும் ஒரு சாதாரண ஆள் என்கிற தொனியில் எழுதி முடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு ஆல்பங்களைப் பற்றி எழுதப்பட்டவை அவற்றின் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அளவுகோலாகிவிட்டன. முக்கியமாக பிரிட்டிஷ் விமர்சகர் மார்க் ஃபிஷர் எழுதியவை. ரேவ் என்ற விடிய விடிய ஆடும் நடனக் கொண்டாட்டமெல்லாம் அடங்கிப்போன லண்டனின் ஆவிகளைக் கேட்பது போல இருக்கிறது என்று அவர் பெரியலை வாசித்தார். அபாரமான வாசிப்பு அது. ஆனால் நல்ல வாசிப்பு ஒன்று வந்துவிட்டால் அதையே எல்லாரும் எடுத்துப் புழங்கத் தொடங்கிவிடுவார்கள். மழை, இரவுப் பேருந்து, வினைல் தட்டின் கரகரப்பு, தெருவிளக்கு, தனிமை. பெரியல் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த ஐந்து வார்த்தைகள் தானாகவே விரலில் வந்து நிற்கும்.

அவர் வேலை செய்யும் விதமும் இந்தப் புராணத்தின் ஒரு பகுதி. மற்றவர்கள் கட்டம் கட்டமாக பீட்டை அடுக்கும் சீக்வென்சரில் வேலை செய்ய, இவர் சவுண்ட் ஃபோர்ஜ் என்ற சாதாரண ஆடியோ எடிட்டரில் கண்ணால் பார்த்து வெட்டி ஒட்டினார். டிரம்மின் அலைவடிவம் திரையில் அழகான மீன்முள் மாதிரி தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன் என்று இசை எழுத்தாளர் மார்ட்டின் கிளார்க்குக்கு 2006இல் கொடுத்த பேட்டியில் சொல்லியிருக்கிறார். கட்டத்தில் பூட்டாத டிரம் என்பதால் அது கொஞ்சம் தடுமாறும், கொஞ்சம் முந்தும். அந்தத் தடுமாற்றத்தில்தான் உயிர் இருந்தது. பாடகர்களின் குரலைச் சுருதி மாற்றி, ஆண் குரலைப் பெண் குரல் போலவும் பெண் குரலை ஆண் குரல் போலவும் ஆக்கினார். யார் பாடுகிறார்கள் என்று சொல்ல முடியாத ஒரு குரல். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘அன்ட்ரூ’வுக்குப் பிறகு மூன்றாவது ஆல்பம் வரவில்லை. வந்ததெல்லாம் குறு வெளியீடுகள். 2011இல் ‘ஸ்ட்ரீட் ஹேலோ’, 2012 பிப்ரவரியில் ‘கிண்ட்ரெட்’, அதே ஆண்டு டிசம்பரில் ‘ட்ரூவன்ட்’, ‘ரஃப் ஸ்லீப்பர்’ என்ற இரண்டு நீண்ட ட்ராக்குகள். இதில் ‘கிண்ட்ரெட்’ ஒரு திருப்பம். மூன்று ட்ராக், அரை மணி நேரம், அதில் இரண்டு தலா 11 நிமிடத்தைத் தாண்டுபவை. ஒரே ட்ராக்குக்குள் மூன்று நான்கு பாடல்கள் வந்து போகும், நடுவில் அமைதி விழும், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று எழும். இது ஈபி இல்லை, சுருக்கி எழுதப்பட்ட ஆல்பம் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். நியாயமான கொண்டாட்டம். ஆனால் அதன்பின் பெரியலின் ஒவ்வொரு குறு வெளியீட்டின் மீதும் இரண்டு கேள்விகள் உட்கார்ந்துகொண்டன: இது ‘கிண்ட்ரெட்’ அளவுக்கு இருக்கிறதா? ஆல்பம் எப்போது?

‘ரைவல் டீலர்’ இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் வந்து விழுந்தது. அதுவும் டிசம்பர் மத்தியில், பல பத்திரிகைகள் ஆண்டின் சிறந்தவை பட்டியலை ஏற்கெனவே முடித்துவிட்ட நேரத்தில்.

ஈபிக்குள் என்ன இருக்கிறது

முதல் ட்ராக்கின் பெயரும் ‘ரைவல் டீலர்’தான். 10 நிமிடத்தைத் தாண்டும். கரகரப்பு, யாரோ பேசும் துண்டுகள், பிறகு 1990களின் ஜங்கிள் நடன இசைக் காலத்து வேகமான பிரேக்பீட், அதாவது உடைத்து அடுக்கிய டிரம் தாளம். அதற்கு மேல் காதலைச் சத்தியம் பண்ணும் ஒரு குரல் திரும்பத் திரும்ப. பாதி வழியில் ட்ராக் இருண்டு, அழுக்கான ரேவ் ஒன்றாக மாறுகிறது. கடைசியில் பீட் எல்லாம் போய், ஆவி பறப்பது போன்ற ஒரு மெல்லிய ஒலிப்பரப்பு. ‘கிண்ட்ரெட்’டைக் கேட்டவர்களுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதிர்ச்சி இரண்டாவதில். ‘ஹைடர்ஸ்’, ஒளிந்திருப்பவர்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மழைச்சத்தம் இருக்கிறது, கரகரப்பு இருக்கிறது, சரி, பெரியல்தான். அப்புறம் தேவாலயத்தில் வாசிப்பது போன்ற கீபோர்டு கார்டுகள், நேர்மையான, சுற்றி வளைக்காத மேஜர் சுருதி. நீ தனியாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லும் குரல். நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், 1980களின் பாப் பாட்டிலிருந்து நேராக எழுந்து வந்த ஒரு டிரம். பெரிய அரங்கில் அடித்தது போல எதிரொலியோடு அந்த ஸ்னேர், டிரம் செட்டில் பளிச்சென்று அறையும் அந்த டிரம்.

முதல் முறை கேட்டபோது நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். கணினியில் வேறு ஏதோ டேப்பில் வேறு ஏதோ பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது என்றே நினைத்தேன். இல்லை. திரும்ப மாட்டிக் கேட்டால் அதேதான். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு அந்த டிரம் வந்த மாதிரியே போய்விடுகிறது, மறுபடி மழை.

மூன்றாவது ‘கம் டவுன் டு அஸ்’, 13 நிமிடம். சிதார் போல ஒலிக்கும் ஒரு தந்தி, நிதானமான நடை, குழைந்த குரல்கள். நடுவில் வழக்கம்போல் ஒரு நிறுத்தம். இரண்டாம் பாதி எதிர்பாராத அளவுக்கு வெளிச்சமானது. எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருவர் பேசுகிறார். அது ‘மேட்ரிக்ஸ்’ படங்களின் இயக்குநர்களில் ஒருவரான லானா வச்சோவ்ஸ்கியின் குரல், 2012 அக்டோபரில் பால்புதுமையினர் உரிமைகளுக்கான ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் அமைப்பின் விருதை வாங்கியபோது ஆற்றிய உரையிலிருந்து. தன்னைப் போல் ஒருவரை முன்மாதிரியாகப் பார்க்காமல் வளர்ந்ததை, தன்னிடம் ஏதோ கோளாறு, தன்னை யாராலும் நேசிக்க முடியாது என்று தனக்குள் கேட்ட குரல்களை நம்பியதை, பல ஆண்டுகள் கழித்து தான் திருநங்கை என்று ஒப்புக்கொள்ளும் துணிவு வந்ததை அவர் சொல்கிறார்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த முழு உரையின் மிக உருக்கமான இடம் வேறு. பதின்ம வயதில் உயிரை விடத் துணிந்து ரயில் நிலையத்தில் நின்ற இரவைப் பற்றி வச்சோவ்ஸ்கி அதில் விரிவாகச் சொல்கிறார். பெரியல் அதைத் தொடவில்லை. நாடகத்தன்மை அதிகமுள்ள பகுதியை விட்டுவிட்டு, வெளியே வந்த பகுதியை எடுத்திருக்கிறார். அதோடு, குரல் என்று ஒன்று கிடைத்தால் சுருதி மாற்றி, வெட்டி, அடையாளம் தெரியாமல் ஆக்குகிறவர், இந்தக் குரலை வார்த்தைக்கு வார்த்தை புரியும்படி விட்டுவைத்திருக்கிறார்.

முதல் வரவேற்பு

பொதுவாகப் பாராட்டு. அதில் சந்தேகம் வேண்டாம். பெரியல் தன் பழைய பாதையை விட்டு வெளியே வந்துவிட்டார், துணிச்சல் என்பது பெரும்பான்மையின் குரல். ஆனால் பாராட்டுக்குள்ளேயே ஒரு சங்கடமும் ஓடியது. அந்தச் சங்கடத்தின் மையம் ‘ஹைடர்ஸ்’. இது அளவுக்கு மீறிய உணர்ச்சி, உருகிப் பாடும் பாப் பாட்டின் தேய்ந்த உத்தி, பெரியலின் மர்மம் கலைந்துவிட்டது என்றெல்லாம் பலருக்குத் தோன்றியது.

இந்தக் குறையைச் சொன்னவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த ஸ்னேர் உண்மையிலேயே உறுத்துகிறது. மீன்முள் மாதிரி வெட்டிய டிரம்மைப் பழகிய காதுக்கு, இப்படிச் சதுரமாக, நேராக, முழங்கும் டிரம் ஒரு பின்னடைவு போலத்தான் கேட்கும். நுணுக்கமான நெசவுக்குப் பெயர்போன ஒருவர் திடீரென்று தடித்த பெயின்ட் பிரஷை எடுத்தால் கேள்வி வரத்தான் செய்யும்.

என் மறுப்பு வேறு இடத்தில். இந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை உணர்ச்சி ‘புதிதாக’ வந்து சேர்ந்தது போலப் பேசின. பெரியலின் இசையில் அது எப்போது இல்லாமல் இருந்தது? ‘அன்ட்ரூ’வின் ‘ஆர்க்கேஞ்சல்’ முழுக்க ஒரு காதல் ஏக்கம், ஆர்&பி பாட்டின் குரல்தான் அதன் எலும்பு. அது சோகமாக இருந்ததால் கலை என்று ஏற்றுக்கொண்டோம். அதே உருக்கம் ஆறுதலாக மாறி, நேராக முகத்தைப் பார்த்துப் பேசியதும் நமக்குக் கூசியது. சோகத்தைப் பற்றி எழுத விமர்சனத்திடம் ஒரு பெரிய அகராதியே இருக்கிறது: பேய்த்தன்மை, இழப்பு, நினைவின் அரிப்பு. ஆறுதலைப் பற்றி எழுத வேண்டி வந்தால் கையில் இருப்பது ‘இனிப்பு’, ‘உருக்கம்’, ‘மிகை’ என்ற மூன்று நான்கு வார்த்தைகள்தான், அவையும் வசவுகள்.

செய்திக்குப் பிறகு

ஹாப்ஸ் அந்தச் செய்தியை வாசித்ததும் காற்று திசை மாறியது. இங்கே ஹாப்ஸைப் பற்றி ஒரு வார்த்தை: 2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ 1இல் டப்ஸ்டெப் என்ற, பெரியலும் வளர்ந்த லண்டன் நடன இசையின் கலைஞர்களை ஒன்றுசேர்த்து ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பி, அந்த இசையை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் அவர். பெரியல் அந்தச் செய்தியைப் பத்திரிகைக் குறிப்பாக வெளியிடாமல் அவருக்கு அனுப்பியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வீட்டாளிடம் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார்.

நல்லது என்னவென்றால், பலர் திரும்பக் கேட்டார்கள். மூன்று ட்ராக்கிலும் சிதறிக் கிடந்த பேச்சுத் துண்டுகள் திடீரென்று ஒரே வரிசையில் நின்றன. நான் யார், என்னை யார் நேசிப்பார்கள், தெரியாத இடத்துக்குள் காலெடுத்து வைக்கப் பயப்படாதே. ‘ஹைடர்ஸ்’ என்ற தலைப்புக்கே வேறு கனம் வந்தது. அதைவிட முக்கியமாக, பழைய ஆல்பங்களின் மீதும் வெளிச்சம் விழுந்தது. ஆணா பெண்ணா என்று பிடிபடாமல் மாற்றப்பட்ட அந்தக் குரல்களை நாம் அதுவரை ஒரு ஒலி உத்தியாக, நகரத்து ஆவியாகக் கேட்டிருந்தோம். ஒரு உடலுக்குள்ளோ ஒரு பெயருக்குள்ளோ அடங்க மறுக்கும் குரலாகவும் அதைக் கேட்கலாம் என்று இந்த 28 நிமிடம் சொல்லிக்கொடுத்தது. பின்னால் வந்த ஒரு வெளியீடு முந்தைய படைப்பை மாற்றிக் கேட்க வைத்தால் அதைவிடப் பெரிய சாதனை எது? ‘கிண்ட்ரெட்’டோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

கெட்டதும் நடந்தது. இரண்டு விஷயங்கள்.

ஒன்று, நோக்கத்துக்கு மதிப்பெண் போடத் தொடங்கினார்கள். நல்ல செய்தி, ஆகவே நல்ல ஈபி. இதனால் ‘ஹைடர்ஸ்’ டிரம்மைப் பற்றிய நியாயமான கேள்வி அப்படியே அமுங்கிப்போனது. அதைக் கேட்டால் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு எதிராகப் பேசுவது போல ஆகிவிடுமோ என்ற தயக்கம். பதில் தேட வேண்டிய கேள்வி அது. எனக்குத் தெரிந்த பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த டிரம் ஒளிந்திருப்பவருக்காகப் போடப்பட்டது. தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளை ரகசியமாக எந்த மாதிரிப் பாட்டைக் கேட்டுத் தேறும்? நுணுக்கமாக வெட்டிய பிரேக்பீட்டையா? நாலு பேர் கேட்டால் சிரிப்பார்களே என்று கூசிக்கொண்டே, பெரிய டிரம்மும் பெரிய கார்டும் உள்ள ஒரு பாப் பாட்டைத்தான். அந்தப் பாட்டு மழைக்கும் கரகரப்புக்கும் நடுவில், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடிய மாதிரி, ஒரு நிமிடம் கேட்டு மறைகிறது. நீளமாக ஓடியிருந்தால் விமர்சகர்கள் சொன்னது சரியாகியிருக்கும். சீக்கிரம் போய்விடுவதால்தான் அது நிற்கிறது. இந்த விளக்கத்தை ஏற்காதவர்கள் இருக்கலாம். ஆனால் இப்படி ஒலியின் மேல் நின்று வாதாடியிருக்க வேண்டிய இடத்தில், பலர் செய்தியை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

இரண்டு, ஆளைத் தோண்டும் பழைய வழக்கம் புது வடிவில் திரும்பியது. 2008இல் ‘பெரியல் யார்’ என்று துருவியவர்கள் இப்போது ‘பெரியல் இதன் மூலம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்’ என்று துருவினார்கள். அவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்கிற யாரோ ஒருவருக்காகப் போட்டேன் என்றார், அதை நம்ப ஏன் இவ்வளவு சிரமம்? ஒளிந்திருப்பவர்களைப் பற்றிய ஒரு ஈபியைக் கையில் வைத்துக்கொண்டு, செய்தவரின் மறைவிடத்தைத் தேடுவது அந்த ஈபியைக் கேட்காததற்குச் சமம்.

சில வாரங்களில், ஆண்டு திரும்பும் நேரத்தில், ஹைப்பர்டப் தளத்தில் பெவன் தன் முகம் தெரியும் ஒரு செல்ஃபியைப் போட்டார். ரசிகர்களுக்கு நன்றி, புதுப் பாட்டுகள் செய்ய ஆசை, கூடவே வரப்போகிற ‘டார்க் சோல்ஸ் 2’ விளையாட்டை ஆட வேண்டும் என்று ஒரு வரி. இத்தனை ஆண்டு துரத்தலுக்கு விடை இவ்வளவு சாதாரணமாக, ஒரு வீடியோகேம் ஆசையோடு வந்தது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

பிறகு வந்தவை

அந்த நேரடிப் பேச்சை அவர் அடுத்தடுத்த வெளியீடுகளில் தொடரவில்லை. 2017இன் ‘சப்டெம்பிள்’, ‘பீச்ஃபயர்ஸ்’ இரண்டும் பீட்டே இல்லாமல் இருட்டுக்குள் போனவை. 2022 ஜனவரியில் வந்த ‘ஆன்டிடான்’ 40 நிமிடத்துக்கு மேல் ஓடியும் ஈபி என்றே அழைக்கப்பட்டது. டிரம் ஏறக்குறைய இல்லை. ஒரு ஆல்பத்தின் நீளத்தைத் தாண்டியும் அதை ஆல்பம் என்று சொல்லிக்கொள்ளாததில், ‘ஆல்பம் எப்போது’ என்ற பழைய கேள்விக்கு அவர் தரும் பதில் இருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘ரைவல் டீலர்’ எப்படிக் கேட்கப்பட வேண்டும் என்பதில் அவரே கடைசியாக ஒரு திருத்தம் செய்தார். 2019 டிசம்பரில் ஹைப்பர்டப் ‘ட்யூன்ஸ் 2011–2019’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. 17 ட்ராக், இரண்டு சிடி, சுமார் இரண்டரை மணி நேரம். எட்டு ஆண்டுக் குறு வெளியீடுகளைப் பெரும்பாலும் பின்னோக்கி அடுக்கியிருக்கிறார்கள். அதில் ‘ரைவல் டீலர்’ ஈபியின் மூன்று ட்ராக்கும் உண்டு, ஆனால் வரிசை கலைந்திருக்கிறது. ‘ஹைடர்ஸ்’ முதலில், அதை ஒட்டி ‘கம் டவுன் டு அஸ்’. தலைப்பு ட்ராக் தள்ளிப்போய் முதல் சிடியின் கடைசியில் நிற்கிறது.

ஈபியில் வச்சோவ்ஸ்கியின் குரல் ஓய்ந்தால் இசைத்தட்டு முடிந்துவிடும். அறை அமைதியாகிவிடும், அந்த வார்த்தைகளோடு தனியாக உட்கார்ந்திருப்போம். தொகுப்பில் அப்படி இல்லை. அவர் பேசி முடிக்கிறார், அடுத்ததாக 2019இன் ‘கிளாஸ்ட்ரோ’ தொடங்குகிறது. அந்த ஆண்டுகளில் பெரியல் செய்தவற்றிலேயே அதிகம் ஆடத் தூண்டும் கராஜ் பீட் அது, லண்டன் கிளப்புகளின் துள்ளும் தாளம்.